ஏரியின் அடியில் உறங்கும் வாயு

நீரை உயிரின் மூலமாகவே நாம் அறிந்து வந்துள்ளோம். அந்நீர்நிலையே ஊராரின் மூச்சை நிறுத்திய நிகழ்ச்சி ஒன்று கேமரூன் நாட்டின் வடமேற்கு மலைப்பகுதியில் நடந்தது. 1986 ஆகஸ்ட் 21ஆம் நாள் இரவு நியோஸ் ஏரியிலிருந்து பீறிட்டெழுந்த கரியமில வாயு, பள்ளத்தாக்குகளின் வழியே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வரை பரவிற்று. உழவர்களும், ஃபுலானி முஸ்லிம் இடையர் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர். வீடுகள் சிதையவில்லை, உயிர்கள் மட்டுமே பறிபோயின.

இதன் காரணம் யாது? நியோஸ், எரிமலைவாயில் அமைந்த, 200 மீட்டருக்கு மேல் ஆழமுடைய ஏரி. பூமியின் உள்ளிருந்து கசியும் கரியமில வாயு அடிநீரில் கரைகிறது. மேல்நீரும் அடிநீரும் ஒன்றோடொன்று கலவாது அடுக்குகளாக நிற்பதால், நீரின் அழுத்தத்தில் வாயு ஆண்டாண்டு காலமாய்ச் சேர்கிறது. மண்சரிவு போன்ற ஏதேனுமொன்று அடிநீரை மேலெழுப்பினால் அழுத்தம் குறைகிறது. மூடி திறந்த சோடாப் புட்டியைப் போல் ஏரி பொங்குகிறது. காற்றினும் கனமான அவ்வாயு தாழ்நிலங்களில் தங்கி, சுவாசிக்கும் காற்றை விலக்கிவிடுகிறது.

இஃது எவரும் அறியாத ஒன்றன்று என்பதே நெஞ்சை உறுத்துகிறது. 1984 ஆகஸ்ட் 15இல், அதே நாட்டின் மொனூன் ஏரியருகே 37 பேர் இவ்வாறே இறந்தனர். ஐஸ்லாந்து எரிமலையியலாளர் ஹரால்டுர் சிகுர்ட்சன் அங்குச் சென்று ஆராய்ந்து, வாயு ஏரியிலிருந்தே வந்தது என்னும் முடிவுக்கு வந்தார். அவ்வாய்வு அச்சேறியதோ 1987இல்; நியோஸ் அதற்கு முன்பே பொங்கிவிட்டது.

பரிகாரம் எளிது. அடிநீர் வரை ஒரு குழாயை இறக்கித் தொடக்கத்தில் சிறிது நீரை இறைத்தால் போதும். பின்னர் வாயுவின் விசையே நீரைப் பீச்சி, நஞ்சைச் சிறிது சிறிதாக வெளியேற்றும். நியோஸில் 2001இலும், மொனூனில் 2003இலும் நிரந்தரக் குழாய்கள் பொருத்தப்பட்டன. ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் இடையேயுள்ள கிவு ஏரியோ மிகப் பெரிது. அதன் அடியில் கரியமில வாயுவுடன் மீத்தேனும் உண்டு. கரையோரம் வாழ்வோர் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அம்மீத்தேனைப் பிரித்தெடுத்து ருவாண்டா மின்சாரம் ஆக்குகின்றது.

இறைவனின் படைப்பில் ஒவ்வொன்றும் அளவோடும் ஒழுங்கோடும் இயங்குகின்றது. அவ்வொழுங்கை ஆராய்ந்தறியும் ஆற்றலையும் அவனே மனிதனுக்கு அருளினான். ஆயினும் அறிவதோடு கடமை முடிவதில்லை. மொனூனில் தெரிந்தது நியோஸ் மக்களைச் சென்றடையவில்லை. அறிவும் ஓர் அமானிதமே. அதனை உரியவரிடம் உரிய வேளையில் சேர்ப்பித்தாலன்றி அவ்வமானிதம் நிறைவேறாது என்றே நாம் கருதுகிறோம்.