உங்களுக்குத் தெரியுமா? சர்வர் வேகம் வேறு, திரையின் வேகம் வேறு!

ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் இணையதளம் தாங்குமா என்று சோதிக்க உதவும் இலவச மென்பொருள், அப்பாச்சி ஜேமீட்டர். ஆனால் அது பிரவுசர் அல்ல.

● கோரிக்கையை அனுப்பியது முதல் பதில் முழுதாக வந்து சேரும்வரைதான் ஜேமீட்டரின் கணக்கு. ஜாவாஸ்கிரிப்டை அது இயக்காது. பக்கத்தைத் திரையில் வரையாது.

● குரோம், ஃபயர்பாக்ஸ் போன்றவற்றுக்கு அதன் பிறகும் வேலை இருக்கிறது. படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் இறக்கி, இயக்கி, வரிசைப்படுத்தி, வரைய வேண்டும்.

● பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் இந்த முன்புற வேலைக்கே போகிறது என்று 2007-இல் எழுதினார், இணைய வேக வல்லுநர் ஸ்டீவ் சவுடர்ஸ்.

● பக்கத்தின் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். 100 வருகைகளில் 75-இலாவது அப்படி அமைய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

● ஜேமீட்டர் நெரிசலை உண்டாக்கும்போதே, நிஜ பிரவுசரிலும் பக்கத்தைத் திறந்து நேரத்தை அளந்து பாருங்கள். விலை குறைந்த போனில் காத்திருப்பவரின் அனுபவத்தைச் சர்வரின் எண் மட்டும் சொல்லிவிடாது.