கைக்கு இசைந்த கிட்டார்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கலை கைவராதவர் கருவியின்மீது பழிசுமத்துவர் என்பது அதன் கருத்து. ஆயினும், கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் ஆடுபவள் என்ன செய்வாள்? இந்த மறுபக்கத்தை நாம் சிந்திப்பது அரிது. கிட்டார் வாங்கிச் சில திங்கள் பயின்றுவிட்டு, “எனக்கு இது வராது” என்று சுவரில் மாட்டிவைக்கும் இளைஞர் பலர். அவர்களுள் சிலருக்கேனும் குறை விரலில் இல்லை. விரல் பற்றிய மரத்தில் இருந்தது. அதைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிட்டார் நமக்கு முற்றிலும் அயலான வாத்தியமன்று. போர்த்துக்கேயர் வழிவந்த இசை மரபு இலங்கைக் கரையோரங்களில் வேரூன்றி, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொலி பஸ்டியன் போன்றோரின் கைவண்ணத்தால் பைலாவாக மலர்ந்தது. தமிழிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பொப் இசையைப் பரப்பினர். 1970களில் மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்தும் ஒலித்தது. இளையராஜா இசையமைத்த திரைப்பாடல்களில் கிட்டாரின் நாதத்தை இலங்கை வானொலி லயங்களுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தது. தப்பொலியிலும் காமன் கூத்திலும் வளர்ந்த ஊவாவின் தோட்டத்து இளைஞன் இன்று மின்கிட்டாரை விரும்புகிறான் என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மின்கிட்டாரின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். எஃகுத் தந்தி அதிரும்போது, அதன்கீழ் உள்ள காந்தத்தின் புலம் கலைகிறது. அக்காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதை நாதமாக்குகிறது. ‘ரிக்கன்பாக்கர்’ நிறுவனத்தின் மின்கிட்டார் 1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. லியோ ஃபெண்டர் 1950இல் உட்குழிவற்ற முழுமரக் கிட்டாரையும், 1954இல் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ என்னும் புகழ்பெற்ற வடிவையும் வெளியிட்டார். ஒலிபெருக்கியின்றி வாசித்தால் இக்கருவியின் குரல் மிக மெல்லியது. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்து வாழும் லயத்துக் காம்பராவில், அண்டை வீட்டார் உறக்கம் கெடாமல் இரவிலும் பயிலலாம் என்பது இதனால் விளையும் ஒரு நன்மை.

மின்சாரம் எவ்வளவு புதுமை செய்தாலும், கை பற்றுவது மரத்தையே. வீணை வாசிப்பவர் மெட்டுகளின்மேல் தந்தியை அழுத்தி விரல்களை நகர்த்துவார். தண்டியின் அடிப்புறத்தை உள்ளங்கையால் இறுகப் பற்றவேண்டிய தேவை அவருக்கு இல்லை. கிட்டாரிலோ, கழுத்து எனப்படும் நீண்ட மரப்பகுதி பெருவிரலுக்கும் ஏனைய நான்கு விரல்களுக்கும் நடுவே அமர்கிறது. இடக்கையானது மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். நம் இசைக்கு உயிரான கமகத்தை இக்கருவியில் எழுப்ப முனைவோருக்கு இந்த ஓட்டம் இன்னும் இன்றியமையாதது. சுகுமார் பிரசாத்தும் ‘கிட்டார்’ பிரசன்னாவும் மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசித்துக் காட்டியவர்கள். சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் கை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால், கமகமும் அங்கேயே அறுந்துவிடும்.

இவ்வாறு ஒட்டுவதும் ஒட்டாமையும் பெரும்பாலும் கழுத்தின்மேல் பூசிய மெருகைப் பொறுத்தவை. கடைகளில் இருவகை மெருகு காணலாம். ஒன்று கண்ணாடிபோல் ஒளிரும் பளபளப்பு மெருகு. மற்றொன்று ‘சாட்டின்’ என்று வழங்கும் மங்கல் மெருகு. பூச்சு ஒரே இனத்ததாகவும் இருக்கலாம். வேறுபாடு மேற்பரப்பில்தான் உள்ளது. பளபளப்பு மெருகின் பரப்பு மிகச் சமமானது. வியர்த்த உள்ளங்கை அதில் முழுமையாகப் படிந்து பற்றிக்கொள்கிறது. மங்கல் மெருகிலோ கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய மேடுபள்ளங்கள் உள்ளன. சிலிக்காவின் நுண்பொடியைப் பூச்சில் கலந்தோ, பூசி உலர்ந்தபின் மெல்லத் தேய்த்தோ அவற்றை உண்டாக்குவர். கை அந்த மேடுகளின் நுனிகளை மட்டுமே தொடுவதால் தடையின்றி நகர்கிறது. ஒளி சிதறி மங்கலாகத் தோன்றுவதும், கை எளிதில் வழுக்குவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

இந்த உண்மையைத் தோட்டத்துக் கைகளுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. கவ்வாத்துக் கத்தியின் பிடியையும் மண்வெட்டிக் காம்பையும் எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கு வார்னிஷ் பூசி அழகு பார்ப்பவர் உண்டோ? பளபளப்புப் பூசிய காம்பு வியர்வையில் கையைப் பற்றிக் கொப்புளம் எழுப்பும் என்பதை உழைப்பவர் நன்கு அறிவர். நாள்தோறும் புழங்கிப் புழங்கி, கையே இழைத்த மென்மையே அவர்கள் விரும்பும் மென்மை. நாகரிகக் கடையில் சாட்டின் என்ற பெயரோடு விலைக்கு வருவது, அத்தகைய பழகிய காம்பின் இயல்பேயன்றி வேறன்று. புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் பூச்சே இல்லாத கழுத்தை விரும்பினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, நமது மலைநாட்டின் வானிலையையும் கருதவேண்டும். பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹப்புத்தளையோ 1400 மீற்றருக்கும் மேற்பட்டது. ஆண்டின் இறுதித் திங்கள்களில் வடகீழ்ப் பருவமழை பெய்து, மூடுபனி காம்பராவினுள்ளும் புகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைக் கடந்துவரும் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த நறுமணம் அவ்வறண்ட காற்றில் பிறப்பதே. கொழுந்தை வாட்டி மணமூட்டும் காற்று மரத்தை மட்டும் விட்டுவைக்குமா? ஈரத்தில் மரம் பருக்கிறது, வறட்சியில் சுருங்குகிறது. விரற்பலகை சுருங்கும்போது உலோக மெட்டுகளின் நுனிகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். தப்புக் கலைஞர் தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி சேர்ப்பது ஏன் என்பதை அறிந்தவருக்கு இது புதிர் அன்று.

ஆகவே, கருவி வாங்கச் செல்பவர் கடையில் என்ன செய்யவேண்டும்? முதலில் கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கித் தருமாறு கேட்க வேண்டும்; தொடாமல் வாங்குதல் தகாது. அமர்ந்து மடியில் வைத்து, பெருவிரலைக் கழுத்தின் பின்புறம் ஊன்றி, தலைப்பகுதியிலிருந்து உடற்பகுதி வரை நாலைந்து முறை கையை ஓட்டிப் பார்க்கவேண்டும். உலர்ந்த கையால் மட்டும் பார்த்தால் போதாது. வெயிலில் நடந்து வியர்த்த கையே சரியான நீதிபதி. பின்னர், மெட்டுகளின் ஓரத்தை விரலால் தடவி, கூர்மை உண்டா என்று காணவேண்டும். ஒரு கண்ணை மூடி, தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் நீளத்தை நோக்கி, முறுக்கலோ பெருவளைவோ உண்டா என்று ஆராயவேண்டும். சிறுவளைவை, கழுத்தினுள்ளே செல்லும் எஃகுத் தண்டைத் திருகிச் சீராக்கலாம். முறுக்கிய கழுத்தைச் சீராக்குவது அரிது. கழுத்தின் பருமனையும் மறக்கலாகாது. சிறிய கைக்குப் பருத்த கழுத்து, எவ்வளவு மென்மையான மெருகு பெற்றிருப்பினும், சுமையே.

மங்கல் மெருகிலும் குறை இல்லாமல் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, கை அதிகம் பழகும் இடங்களில் மேடுகள் தேய்ந்து அதுவும் பளபளக்கத் தொடங்கும். எண்ணெய் மட்டும் ஊட்டிய கழுத்து கைக்கு மிக இனியது. ஆயினும் ஈரத்தைத் தடுக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. அவ்வப்போது எண்ணெய் இடவேண்டும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துவதே முறை. பூச்சற்ற மேப்பிள் மரம் அழுக்கையும் ஈரத்தையும் விரைவில் உறிஞ்சும். பளபளப்பு மெருகுக்கும் ஒரு சிறப்பு உண்டு: துடைக்க எளிது, தோற்றம் நெடுநாள் நிலைக்கும். சிலருடைய கை இயல்பாகவே வியர்ப்பதில்லை. அவர்களுக்கு அது இடையூறும் ஆகாது. ஆகையால் இதுவே சிறந்தது என்று ஒரு விதி வகுப்பது பொருந்தாது. அவரவர் கை சொல்வதே தீர்ப்பு.

ஏற்கனவே பளபளப்பான கருவி வாங்கிவிட்டவர் மனந்தளர வேண்டியதில்லை. மிக நுண்ணிய இரும்புப் பஞ்சினாலோ, 2000 எண் உப்புத்தாளினாலோ கழுத்தின் பின்புறத்தை நீளவாக்கில் மெல்லத் தேய்த்தால் ஒளி மங்கி, கைக்கு இதமாகும். செலவு சொற்பமே. ஆனால் இரும்புத் துகள்கள் காந்தங்களில் சென்று ஒட்டிக்கொள்ளும். ஆதலால் அப்பகுதியைத் துணியாலும் ஒட்டுத்தாளாலும் முதலில் மூடிவிடவேண்டும். பூச்சு முழுதும் அகன்று மரம் வெளிப்படும் வரை தேய்த்துவிடலும் ஆகாது.

இவையெல்லாம் சிறு விஷயங்களாகத் தோன்றலாம். செல்வர் வீட்டுப் பிள்ளை ஒரு கிட்டார் பிடிக்காவிட்டால் வேறொன்று வாங்கிக்கொள்வான். தோட்டத்துப் பிள்ளையின் நிலை அதுவன்று. 2021ஆம் ஆண்டில் நாட்கூலி ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வெளிவருவதற்கே தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பவேண்டியிருந்தது. தாயின் கொழுந்துக் கூடையிலிருந்தும், கொழும்புக் கடையில் உழைக்கும் அண்ணனின் சம்பளத்திலிருந்தும் மிச்சம்பிடித்து வாங்கும் கருவி அது. அவனுக்கு இரண்டாவது வாய்ப்பு எளிதில் வாராது. மினுமினுப்பில் மயங்கி அவன் தவறாகத் தேர்ந்தால், இழப்பு பணம் மட்டுமன்று. தன்னிடம் இசை இல்லை என்ற பொய்யான முடிவையும் அவன் வாழ்நாள் முழுதும் சுமந்து திரிவான்.

பாடசாலைக்கு வாத்தியம் தெரிவு செய்யும் ஆசிரியர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். நிறமும் பெயரும் பார்த்துப் பட்டியல் எழுதுவதற்கு முன், வாசிக்கப்போகும் மாணவனையும் மாணவியையும் கடைக்கு அழைத்துச் செல்லுதல் நன்று. சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் புதிய கைகளுக்காகக் காத்திருக்கின்றன. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்துப் பாட்டும் ஆறு தந்திகளில் எவ்வாறு ஒலிக்கும் என்பதைக் காட்டவேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகளே. அவர்களுடைய கை தடையின்றி ஓடுவதற்கு ஏற்ற ஒரு மரத்துண்டைத் தேடிக் கொடுப்பது, பெரியவர்களாகிய நம் கடமை.