உழவு இயந்திரத்துக்குப் புதிய காம் தண்டு பூட்டியபின் டப்பெற்றுகள் தேய்வது ஏன்?

பெரும்போகத்து முதல் மழை விழுந்தபின் நிலம் உழவுக்கேற்ற பதத்தில் நிற்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு இயந்திரம் படுத்துவிடுமாயின், கமக்காரர் இழப்பது பழுதுபார்க்கும் கூலியை மட்டுமன்று, அந்தப் போகத்தின் பருவத்தையுமே இழக்கின்றார். பழைய எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது அடிக்கடி நேரும் ஒரு பழுதையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், வன்னிப் பகுதியில் ஒரு கமக்காரர் தமது உழவு இயந்திரத்துக்குப் புதிய காம் தண்டு பூட்டுவித்தார். பழைய டப்பெற்றுகள் பார்வைக்கு நன்றாக இருந்தமையால் அவற்றையே திரும்பவும் போட்டனர். இரண்டாம் நாள் உழவிலேயே எஞ்சினில் "டிக் டிக்" என்னும் ஓசை எழுந்தது. ஒரு வாரத்தில் இழுவை குறைந்தது. பிரித்துப் பார்த்தபோது புதிய தண்டின் இரு புடைப்புகள் தேய்ந்து வட்டமாகியிருந்தன. பாவித்த டப்பெற்றுகளைப் போடலாமா என்று அவர் என்னிடம் முன்னரே கேட்டிருந்தார். "நன்றாக இருந்தால் போடலாம்" என்று யானும் சொல்லியிருந்தேன். அது பிழையான ஆலோசனை என்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன்.

டப்பெற் வேலை செய்யும் விதம்

கிராங் தண்டு இரு முறை சுற்றும்போது காம் தண்டு ஒரு முறை சுற்றும். அதிலுள்ள முட்டை வடிவப் புடைப்பு ஒவ்வொன்றும் தன்மேல் நிற்கும் டப்பெற்றை மேலே தள்ளும். டப்பெற் தள்ளுதண்டையும், தள்ளுதண்டு றொக்கரையும், றொக்கர் வால்வையும் இயக்கும். வால்வை மீண்டும் மூடுவது சுருள்வில்லாகும்.

டப்பெற்றின் அடிமுகம் தட்டையானது போலத் தோன்றும். பெரும்பாலான எஞ்சின்களில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும்; புடைப்பும் ஒருபுறம் மிகச் சிறிது சரிந்திருக்கும். இதனால் டப்பெற் மேலும் கீழும் செல்லும்போது தானும் மெல்லச் சுழலும். சுழலும்வரை தேய்வு முகம் முழுவதும் பரவும். சுழற்சி நின்றால் ஒரே இடம் அரைபட்டு, சில மணி நேரத்திலேயே டப்பெற்றும் புடைப்பும் கெட்டுவிடும்.

பழுதுக்குரிய காரணங்கள்

1. புதிய தண்டில் பழைய டப்பெற்: பாவித்த டப்பெற்றின் முகம் தான் முன்பு ஓடிய புடைப்புக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதன் குவிவு அழிந்துவிட்டமையால் புதிய புடைப்பின்மேல் அது சரிவரச் சுழலாது. இதுவே முதன்மையான காரணம்.

2. உலர்ந்த நிலையில் பூட்டுதல்: புடைப்புகள் பெரும்பாலும் கிராங் தண்டு வீசியெறியும் ஒயிலாலும் மேலிருந்து வடியும் ஒயிலாலுமே நனைகின்றன. முதல் ஓட்டத்தில் அந்த ஒயில் வந்து சேருமுன் உலோகத்தோடு உலோகம் உரசும்.

3. முதல் ஓட்டத்தில் மெதுவாக ஓடவிடுதல்: புதிய எஞ்சினை மெதுவாக ஓட்டுவதே நல்லது என்று பலர் எண்ணுவர். காம் தண்டைப் பொறுத்தவரை இது தவறு. குறைந்த வேகத்தில் வீசப்படும் ஒயில் குறைவு. புடைப்பின் உச்சியில் சுருள்வில்லின் அழுத்தமும் முழுமையாக விழும். வேகம் கூடும்போது வால்வு உறுப்புகளின் இயக்கவிசையே அவ்வழுத்தத்தில் ஒரு பகுதியைக் குறைக்கும்.

4. பொருந்தாத ஒயில்: துத்தநாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு கலவையே உரசும் முகங்களில் காப்புப் படலத்தை உண்டாக்குகின்றது. பொசுபரசு மோட்டார் வண்டிகளின் புகை சுத்திகரிப்பானைக் கெடுப்பதால், 2004இல் வந்த எஸ்.எம். தரத்தில், மெல்லிய பெற்றோல் எஞ்சின் ஒயில்களுக்கு அதன் அளவு 0.08 சதவீதத்துக்கு மேற்படலாகாது என வரையறுத்தனர். ஆதலால் காருக்கு வாங்கி மிஞ்சிய ஒயிலை உழவு இயந்திரத்தில் ஊற்றுதல் கூடாது. கைநூல் கூறும் டீசல் எஞ்சின் ஒயிலையே ஊற்றுக.

5. கடினமான சுருள்வில்: வேறு எஞ்சினின் வில்லையோ, தேவையற்ற தகட்டு வளையங்களையோ சேர்த்தால் புடைப்பின்மேல் பாரம் மிகும்.

6. மீள அரைத்த தண்டு: புடைப்பின் வன்மையான மேற்படை மெல்லியது. அதனை அரைத்து நீக்கினால் அடியிலுள்ள மென்மையான உலோகம் விரைவில் தேயும்.

வேகப் போட்டிக்கான காம் தண்டு வேண்டுமா?

வால்வை அதிக உயரத்துக்கு, அதிக நேரம் திறக்கும் காம் தண்டினால் வலு கூடும் என்று சிலர் கூறுவர். பந்தயக் கார்களில் அது உண்மை; அவற்றின் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேலும் ஓடுவன. உழவு இயந்திரத்தையோ வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2000 சுற்றை அடுத்த அளவிலேயே நிறுத்திவிடும். அவ்வேகத்தில் இத்தண்டு நன்மை தராது. உள்ளிழுத்த காற்றின் ஒரு பகுதி திரும்ப வெளியேறி அமுக்கம் குறையும். டீசல் எஞ்சின் தொடங்குவதும் கடினமாகும். டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே வெளி மிகச் சிறிதாகையால் இரண்டும் மோதவும் கூடும். அதிக உயரமும் கடினமான வில்லும் டப்பெற்றையே முதலில் அழிக்கும். ஆகவே, உற்பத்தியாளர் குறித்த தண்டையே பூட்டுக.

செய்ய வேண்டியவை

1. புதிய காம் தண்டுக்குப் புதிய டப்பெற்றுகளையே வாங்குக. பழைய தண்டையே திரும்பப் பூட்டுவதாயின், ஒவ்வொரு டப்பெற்றும் தான் முன்பிருந்த துளைக்கே செல்ல வேண்டும். கழற்றும்போதே வரிசை எண் இட்டு வைக்க.

2. டப்பெற் தன் துளையில் தடையின்றி இறங்கிச் சுழல்கின்றதா எனக் கையால் பார்க்க.

3. புடைப்புகளுக்கும் டப்பெற்றின் அடிமுகத்துக்கும் காம் தண்டுக்கென விற்கப்படும் பசையைப் பூசுக.

4. வால்வு இடைவெளியைக் கைநூலின்படி வைக்க. மாசி பெர்குசன் 35, 135 ஆகியவற்றில் வந்த மூன்று சிலிண்டர் பேர்க்கின்சு டீசல் எஞ்சினுக்கு, குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், சூடான நிலையில் 0.010 அங்குலம்.

5. தண்ணீர், ஒயில் ஆகியவற்றை நிரப்பி, டீசல் குழாய்களிலுள்ள காற்றை முன்னரே நீக்குக. எஞ்சின் முதல் முயற்சியிலேயே தொடங்க வேண்டும். நெடுநேரம் வீணே சுற்றினால் பூசிய பசை துடைபட்டுப் போகும்.

6. தொடங்கியவுடன் ஒயில் அழுத்தத்தைக் கவனித்து, நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் குறையாமல், வேகத்தைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் 20 நிமிடம் ஓட்டுக. நீரோ ஒயிலோ கசியுமாயின் மெதுவாக ஓடவிடாது எஞ்சினை நிறுத்தித் திருத்துக.

7. பின்னர் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றி, இடைவெளிகளை மீண்டும் அளக்க.

பழுதின் அறிகுறிகள்

சரிசெய்த இடைவெளி ஓரிரு நாளில் மீண்டும் அகலுமாயின் ஐயமின்றிப் புடைப்போ டப்பெற்றோ தேய்கின்றது. றொக்கரை இறுக்கி ஓசையை மறைப்பது வீண். எஞ்சினை உடனே நிறுத்துக. றொக்கர் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, தள்ளுதண்டுகள் உயரும் அளவை ஒன்றோடொன்று ஒப்பிடுக. உட்புகு வால்வுகளைத் தம்முள்ளும் வெளியேற்று வால்வுகளைத் தம்முள்ளும் ஒப்பிடல் வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக உயருமாயின் அதன் புடைப்பு கெட்டுவிட்டது. வடித்த ஒயிலை வெண்துணியில் ஊற்றினால் மினுங்கும் துகள்களையும் காணலாம்.

அத்துகள்கள் ஒயிலோடு சென்று ஒயில் பம்பையும் கிராங் தண்டின் பெயரிங்குகளையும் அரிக்கும். ஆதலால் கெட்ட டப்பெற்றை மட்டும் மாற்றுதல் போதாது. ஒயில் தொட்டியைக் கழற்றிக் கழுவி, ஒயில் வழிகளைத் துப்புரவாக்கி, பெயரிங்குகளையும் பரிசோதித்த பின்னரே புதிய தண்டையும் டப்பெற்றுகளையும் ஒருங்கே பூட்டல் வேண்டும்.

இவ்வேலையை மழைக்காலம் வரும்வரை ஒத்திவையாது, சிறுபோக அறுவடை முடிந்தவுடன் செய்விப்பீராக. பூட்டும் நாளில் தாங்களும் கூடவே நின்று, புதிய டப்பெற்றுகள் போடப்படுகின்றனவா, பசை பூசப்படுகின்றதா, முதல் 20 நிமிட ஓட்டம் முறைப்படி நடைபெறுகின்றதா என்பவற்றை நேரில் பார்த்துக்கொள்வது நன்று.