ஆடிப் பாட்டு போட்ட ட்வீட்டர் 'திடீர்' சாவு!
வீட்டிலேயே உயிர் கொடுப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி-

ஆடி மாதம் வந்தால் போதும். பெரியபாளையம் பவானி அம்மன் கோவிலுக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் விழா இன்னொரு பக்கம். திருவள்ளூரில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும்.

மைக் செட் வாடகைக்கு எடுக்க வசதி இல்லாதவர்கள், ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய ஸ்பீக்கர் பாக்சையே வாசலில் தூக்கி வைத்து விடுகிறார்கள்.

வால்யூம் கடைசி வரை திருகப்படும். கொஞ்ச நேரத்தில் பாட்டு மங்கும். தவில் கேட்கும், ஜால்ரா கேட்காது. "பாக்ஸ் அவுட்டுப்பா!" என்று கையை விரிப்பார்கள்.

செத்தது பாக்ஸ் அல்ல. உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர்தான்!

குற்றவாளி யார்?

"பவர் ஜாஸ்தியாகி எரிஞ்சு போச்சு" என்பார்கள். பல நேரம் நடப்பது வேறு. சின்ன ஆம்ப்ளிபயரை அதன் சக்திக்கு மீறித் திருகுவதுதான் வினை. அது திணறும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. அந்தக் கரகரப்பில் பிறக்கும் கீச்சு ஒலி அத்தனையும் ட்வீட்டர் தலையில் விழுகிறது. அதன் காயிலில் இருப்பதோ தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி. சூடு தாங்காமல் அறுந்து விடுகிறது.

போஸ்ட்மார்ட்டம்

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஆம்ப்ளிபயர் உள்ளேயே இருக்கும் பாக்ஸ் என்றால் கை வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் கரண்ட் தங்கி இருக்கும். அது மெக்கானிக் வேலை.

சாதா பாக்ஸ் என்றால், ட்வீட்டரின் ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்க்கலாம். 8 ஓம் ட்வீட்டர் சுமார் 6 ஓம் காட்டினால் காயில் அறுகவில்லை. முள் அசையவே இல்லையா? காயில் கட்!

மீட்டர் இல்லாதவர்கள் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுக்கலாம். 'டிக்' என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'பீசோ' வகை ட்வீட்டரில் காயிலே கிடையாது. அது நன்றாக இருந்தாலும் முள் அசையாது. அவசரப்பட்டு தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

ரிச்சி தெரு

மின்சார ரெயிலில் சென்ட்ரல் வந்து, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனால் ஸ்பீக்கர் சாமான்கள் கிடைக்கும். பழைய ட்வீட்டரைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. அதே ஓம், அதே அளவு பார்த்து வாங்க வேண்டும். சில வகைகளில் காயிலோடு கூடிய டயாபிரம் மட்டும் மாற்றினால் போதும்.

அப்போது காந்தத்தின் இடுக்கில் உள்ள தூசியை ஒட்டும் டேப்பால் எடுத்து விட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் காந்தம் 'சடக்' என்று இழுக்கும், டயாபிரம் கிழிந்துவிடும். உஷார்! ஒயரில் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது.

வழியில் இருக்கும் சின்ன கண்டென்சரையும் பார்க்க வேண்டும். தடித்த ஓசை ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கும் காவல்காரன் அதுதான். அது கெட்டிருந்தால் புது ட்வீட்டரும் போய்விடும். அதே எண் உள்ள, பிளஸ் மைனஸ் இல்லாத கண்டென்சரே போட வேண்டும்.

10 மணி

ரிப்பேர் முடிந்ததும் மறுபடி கடைசி வரை திருகினால் பட்ட பாடெல்லாம் வீண். பாட்டு கரகரத்தால் உடனே குறைக்க வேண்டும்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தெருவில் ஒலிபெருக்கி வைக்கத் தடை உண்டு. பகலிலும் பக்கத்து வீட்டில் 'நைட் ஷிப்டு' பார்த்தவர் தூங்கிக் கொண்டிருப்பார்.

வால்யூமைக் குறைத்தால் அவருக்கும் தூக்கம், ட்வீட்டருக்கும் ஆயுசு!