திசைமயக்கம் (வானூர்தி ஓட்டுதல்)

திசைமயக்கம் என்பது, தொடுவானம் தெரியாதபோது வானூர்தியின் சாய்வையும் திருப்பத்தையும் விமானி தவறாக உணர்வதாகும். வானூர்தி ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் உட்காதிலுள்ள நீர்மம் அத்திருப்பத்தை உணர்த்துவதில்லை. விமானி நேராகப் பறப்பதாகவே நம்புவார்.

1999 சூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி இளையவர் ஓட்டிய பைப்பர் சரடோகா வகைச் சிறு வானூர்தி, அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த மூவரும் இறந்தனர். இயந்திரக் கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை. திசைமயக்கத்தால் விமானி கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. இருளும் புகைமூட்டமும் துணைக்காரணங்கள். கருவிகளை மட்டுமே கொண்டு பறப்பதற்கான தகுதிச்சான்று அவரிடம் இல்லை. எனினும் அன்றைய வானிலையில் அவர் பறக்க விதிகள் தடை சொல்லவில்லை.

விதி அனுமதிப்பதாலேயே பயணம் பாதுகாப்பானதாகிவிடாது என்பதே இவ்விபத்து தரும் பாடம். ஐயம் எழுந்தால் உடலுணர்வை விட்டுச் செயற்கைத் தொடுவானக் கருவியை நம்ப வேண்டும். அப்பயிற்சி இல்லாதவர் பயணத்தை விடியும்வரை தள்ளிப்போடுவதே நன்று.