சூடேறும் தொலைக்காட்சி: செப்பனிடுவதா, மாற்றுவதா?

மாணவர்களே! சென்ற கோடையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி புதியதொரு பழக்கத்தை மேற்கொண்டது. மாலை ஆறு மணிக்கு இயக்கினால், ஏழு மணிக்குத் தானே அணைந்துவிடும். பின்புறத்தைத் தொட்டால் கை சுடும். அரைமணி நேரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் இயங்கும். கடைக்காரர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். அவர் பெட்டியைப் பாராமலே, "ஆறு ஆண்டு உழைத்துவிட்டதே, ஐயா! புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்றார். ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு அஃது எளிய அறிவுரையாகத் தோன்றவில்லை. நோயாளியைக் காணாமலே மருந்து கூறும் மருத்துவரை நாம் நம்புவோமா?

முதலில், பெட்டி சூடாவது ஏன் என்று காண்போம். மின்னோட்டம் பாயும் கடத்தியில் வெப்பம் பிறக்கும் என்னும் ஜூலின் விதியை நீங்கள் பாடநூலில் கற்றிருப்பீர்கள். நம் பெட்டி 80 வாட் மின்திறன் கொள்வதாக வைத்துக்கொள்வோம். அதில் சிறு பகுதியே ஒளியாகவும் ஒலியாகவும் வெளியே வரும்; பெரும்பகுதி வெப்பமாகவே மாறும். ஆகவே பெட்டி வெதுவெதுப்பாக இருத்தல் இயல்பே, அது நோயன்று. பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கினாலோ, அளவுக்கு மீறிய வெப்பம் பிறந்தாலோதான் அது நோயாகும். முன்னதன் காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும். பின்னதன் காரணம் உள்ளே இருக்கும்.

வெளிக் காரணத்தைக் கண்டறியப் பணம் வேண்டுவதில்லை, கண்கள் போதும். எங்கள் பெட்டி மரத்தால் அடைத்த சுவர்மாடத்தில் இருந்தது. "தாத்தா, இதற்கு மூச்சுவிட இடமே இல்லையே!" என்றாள் பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் என் பேத்தி. உண்மைதான். சுற்றிலும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இடைவெளியேனும் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் அளவும் இல்லை. காற்றுத் துளைகளைத் தூசி அடைத்திருந்தது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, உலர்ந்த தூரிகையால் தூசியை நீக்கிப் பெட்டியை வெளியே வைத்தோம். சூடு தணிந்தது. ஆயினும் இரண்டு மணி நேரத்தில் பெட்டி மீண்டும் அணைந்தது. எனவே உள்ளேயும் குறை உண்டு என்று தெளிந்தோம்.

பழுதுபார்ப்பவரை அழைத்தோம். அவர் மின்வழங்கும் போர்டில் இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருப்பதைக் காட்டினார். மின்பகுபொருள் கொண்ட இவ்வகை மின்தேக்கிகளுக்கு வெப்பமே பகை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியசு உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. அவற்றை மாற்றக் கொடுத்த தொகை, புதிய பெட்டியின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். கடைக்காரர் சொற்படி புதிய பெட்டி வாங்கியிருந்தால், அதனையும் அதே மாடத்தில்தான் வைத்திருப்போம். பழையதன் நோய் புதியதையும் பற்றியிருக்கும், பணமும் வீணாகியிருக்கும்.

அவ்வாறாயின், எப்போதும் செப்பனிடுவதே சிறந்ததோ எனின், அன்று. எங்கள் அண்டை வீட்டார் பெட்டியில் பேனல் எனப்படும் திரைப்பகுதியே கெட்டுவிட்டது. பெட்டியின் உறுப்புகளுள் விலை மிகுந்தது அதுவே. அதன் விலை புதிய பெட்டியின் விலையை நெருங்கியது. அவர்கள் புதியது வாங்கியது சரியான முடிவே.

ஆகவே மூன்று வினாக்களை முறையாகக் கேளுங்கள். கெட்ட உறுப்பு எது? அதனைச் சீராக்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டுகிறதா? அவ்வுறுப்பு இன்னும் கடையில் கிடைக்கிறதா; உத்தரவாதக் காலம் எஞ்சியுள்ளதா? செலவு பாதிக்கு மேற்பட்டு, பெட்டியும் முதுமையடைந்திருந்தால் மாற்றுங்கள், இல்லையேல் செப்பனிடுங்கள்.

இவ்வினாக்கள் அனைத்துக்கும் முற்பட்டது உயிர்க் காப்பு. கருகிய நாற்றமோ, புகையோ, படபடவென்னும் ஓசையோ தோன்றினால் உடனே மின்னிணைப்பைத் துண்டியுங்கள். பழுது பார்த்த பின்னரே மீண்டும் இயக்குங்கள். ஆர்வத்தால் பின்மூடியை நீங்களே திறக்க வேண்டா. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாக மாறுகையில், உள்ளிருக்கும் மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். செருகியைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கக் கூடும்.

மாற்றியே தீர வேண்டுமெனின், பழைய பெட்டியைக் குப்பைமேட்டில் எறியாதீர். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அக்கழிவு சேர வேண்டும் என்பது அவற்றின் நோக்கம்.

எங்கள் பெட்டி இன்று மாடத்தில் இல்லை. கூடத்துச் சுவரோரம் காற்றோட்டமாக நிற்கிறது. இடையில் அணைவதும் இல்லை. பழையதைக் காப்பதும் புதியதை வாங்குவதும் தம்மளவில் நன்றும் அல்ல, தீதும் அல்ல. காரணத்தை அறிந்த பின் எடுக்கும் முடிவே நன்முடிவு.