பலகை மாறியது, கேடயம் மாறவில்லை

பழைய மூணாறு மைதானத்தில் பின்லே கேடயக் கால்பந்துப் போட்டி தொடங்கிவிட்டால் எஸ்டேட் லயங்களில் பேச்சே வேறு. கொழுந்து எடை, பஞ்சப்படி எல்லாம் பின்னுக்குப் போய்விடும். நல்லதண்ணியின் முன்வரிசை எப்படி, பெரியவாரைக்குக் கோல் காப்பவர் யார், சொக்கநாடு இந்த முறையாவது தேறுமா என்பதுதான் விசாரணை.

ஆடுகிறவர்கள் பந்தாட்டத்துக்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லர். காலையில் பிரட்டுக்குப் போய், கவ்வாத்துக் கத்தியோ மருந்தடிக்கும் பம்போ பிடித்துவிட்டு வந்து பந்தைத் தொடுகிறவர்கள். மூணாறு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி. கீழ்நாட்டு ஆட்டக்காரர் யாராவது இங்கே வந்து ஓடிப் பார்த்தால், பாதி ஆட்டத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார்!

போட்டியை ஏற்படுத்தியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் பின்லே கம்பெனியின் பெயரைக் கேடயத்துக்குச் சூட்டினார்கள். துரைமாருக்கென்று ஹைரேஞ்ச் கிளப் தனியே இருந்தது. நெடுங்காலம் பணியாற்றியவர்களின் தொப்பிகள் இன்றும் அங்கே சுவரில் தொங்குகின்றன. போடிநாயக்கனூர் வழியே மலையேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது இந்த மைதானம். தொழிலாளி உற்சாகமாக இருந்தால் தோட்டம் நன்றாக நடக்கும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். கணக்கு யாருடையதாக இருந்தாலும் ஆட்டம் தொழிலாளியுடையதாகிவிட்டது.

கம்பெனிப் பலகை எத்தனை முறை மாறியது! 1976-ல் டாட்டா-பின்லே, 1983-ல் டாட்டா டீ, 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களான கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனி. கேடயம் மட்டும் இன்னமும் பின்லே கேடயம்தான்.

1973-ல் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் டிராபியை வென்றதை மாநிலமே கொண்டாடியது. அந்த ஏணியில் பின்லே போட்டிக்கு இடம் எங்கோ கீழே. ஆனால் கீழ்ப்படிக்கும் ஒரு ருசி உண்டு. ஐரோப்பாவில், முட்டை வடிவப் பந்தோடு மோதும் ரக்பி ஆட்டத்தில், முதல் வரிசைக் கோப்பைக்குத் தகுதி பெறாத கிளப்புகளுக்காக 1996-ல் இரண்டாம் வரிசைக் கோப்பை ஒன்றைத் தொடங்கினார்கள். அதை முதலில், 1997-ல், வென்றது பிரான்சில் பூர்குவான் என்ற சிற்றூரின் அணி. பெரிய நகரத்துக்கு அது ஆறுதல் பரிசு. அந்த ஊருக்கு அதுவே திருவிழா. குண்டுமலைக்காரருக்கும் கன்னிமலைக்காரருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்டேட் என்பது வெறும் விலாசம் அல்ல என்பதை இந்த ஆட்டம்தான் காட்டுகிறது. நயமக்காடு என்றால் வெளியுலகுக்கு நினைவு வருவது 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் போன துயரம். மலைக்காரர்களுக்கு நயமக்காடு ஒரு கால்பந்து அணியின் பெயரும்கூட.

இப்போதைய கவலை கேடயத்தைப் பற்றியதல்ல, ஆட ஆள் கிடைப்பதைப் பற்றியது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். படித்த பிள்ளைகள் கொழுந்துக் காட்டை விட்டுக் கோவை, திருப்பூர், கொச்சி என்று வேலை தேடிப் போகிறார்கள். அப்பா ஆடிய அணியில் மகன் ஆடுவது இனி எளிதல்ல. காலியாகும் வீடுகளுக்கு ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகிறார்கள். ஜார்க்கண்ட் ஹாக்கிக்குப் பெயர் போன மண். அசாமில் கால்பந்துக்குப் பஞ்சமில்லை. அந்த வீட்டுக் கதவுகளை எஸ்டேட் அணித்தலைவர்கள் போய்த் தட்டினால், தமிழ்ப் பெயர் கொண்ட அணியில் அவர்களும் ஆடலாம்.